தூர்வாரும்போது முழங்கால் ஆழத் தண்ணீரை விட்டுவையுங்கள், மீன் குஞ்சு பிழைப்பது அங்கேதான்

கோரைக்காடு எழுதியது:

எங்கள் ஊர்க் கண்மாயை வரும் கோடையில் தூர்வாரப் போகிறார்கள். வரைபடத்தின் நகல் கைக்கு வந்தது. கரையிலிருந்து எதிர்ப்பக்க எல்லை வரைக்கும் ஒரே சீராக ஐந்தடி ஆழம், நான்கு பக்கமும் செங்குத்தாக வெட்டு, வெட்டிய மண்ணை எதிர்ப்பக்கத்திலும் கரையாகப் போட்டு மேலே நடைபாதை. ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம், தண்ணீர் கூட நிற்குமே என்று. தூர்வாருவதற்கு நான் எதிரி இல்லை. ஆனால் இந்த வரைபடத்தின்படி அப்படியே வெட்டினால் சில வருடத்தில் அந்தக் கண்மாயில் நாட்டு மீன் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது. அதைத்தான் இங்கே பேச வேண்டும்.

கண்மாயின் வடிவத்தை யோசித்துப் பாருங்கள். ஒரு பக்கம் கரை, வயலுக்குத் தண்ணீர் திறக்கிற மடை, மிஞ்சியது வழிந்தோடுகிற கலிங்கு. ஆழம் அங்கேதான். அங்கிருந்து உள்வாய்ப் பக்கம், அதாவது கரைக்கு எதிரே தண்ணீர் வந்து சேர்கிற பக்கம், நடக்க நடக்கத் தரை மெல்ல ஏறி, இடுப்பளவு, முழங்காலளவு, கணுக்காலளவு என்று குறைந்து கடைசியில் கோரையும் புல்லுமாக முடியும். ஐப்பசி கார்த்திகையில் புதுத்தண்ணீர் வந்து பெருகும்போது, கோடை முழுக்க மாடு மேய்ந்த அந்தத் தரை கடைசியாக மூழ்கும். புல், சருகு, சாணி எல்லாம் தண்ணீருக்குள் அழுகும். அதில் நுண்ணுயிர் பெருகும், அதைத் தின்கிற புள்ளி புள்ளியான நீர்ப்பூச்சிகள் பெருகும், சேற்றுக்குள் சிவப்புப் புழு வரும். கெண்டையும் குரவையும் கெளுத்தியும் பனையேறியும் முட்டை போடுவதும் இதே நாட்களில்தான். பொரித்து வந்த குஞ்சு, வயிற்றோடு ஒட்டியிருக்கும் மஞ்சள் கருவை வைத்துச் சில நாள்தான் தாக்குப் பிடிக்கும். அது தீர்ந்த அன்றைக்குத் தன் வாய்க்குள் போகிற அளவில் இரை பக்கத்திலேயே இல்லை என்றால் செத்துப்போகும். எத்தனை ஆயிரம் முட்டை இட்டது என்பதெல்லாம் அதற்குப் பிறகு கணக்கே இல்லை.

அந்த இரை ஆழத்தில் இல்லை. கலங்கல் தண்ணீரில் வெளிச்சம் அடித்தரை வரை போவது ஓரத்தில் மட்டும்தான். பாசியும் கொடியும் தரையில் வேர் பிடிப்பதும், தண்டில் வழவழப்பாகப் படிவதும், அதைப் பூச்சி தின்பதும் அங்கேதான். வெயிலில் ஓரத் தண்ணீர் சீக்கிரம் சூடேறும், சூட்டில் குஞ்சும் சீக்கிரம் வளரும். சீக்கிரம் வளர்வதுதான் உயிர்ப் பிரச்சினை. வாளையோ விராலோ தன் வாய்க்கு அடங்குகிறதைத்தான் விழுங்க முடியும், அந்த அளவைக் கடக்கும் வரை குஞ்சுக்கு ஒளிய இடம் வேண்டும். முழங்கால் தண்ணீரில் கோரைக்கு நடுவே பெரிய மீன் உடம்பைத் திருப்ப முடியாது. கொக்கும் நாரையும் வரும்தான், அதற்கும் கோரைதான் மறைப்பு.

விரால் பார்ப்பை, அதாவது அதன் குஞ்சுத் திரளை, பார்த்திருப்பீர்கள். கோரைக்கு நடுவில் ஆணும் பெண்ணும் புல்லைக் கடித்து ஒதுக்கி ஒரு சின்ன வட்டத்தைச் சுத்தம் செய்யும், அதில் மஞ்சள் முட்டைகள் மேலே மிதக்கும். ஓரிரு நாளில் பொரித்துவிடும். கொஞ்சம் வளர்ந்ததும் செம்மஞ்சள் நிறத்தில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் ஒரே திரளாக நகரும். மூச்சு வாங்க எல்லாம் ஒரே நேரத்தில் மேலே வரும்போது அந்த இடத்தில் மட்டும் மழை தூறுகிற மாதிரி தண்ணீர் துடிக்கும். கீழே தாயோ தகப்பனோ இருக்கும், குச்சியை விட்டால் பாய்ந்து வந்து கடிக்கும். செங்குத்தாக வெட்டிய ஐந்தடிக் குழியில் இது எங்கே நடக்கும்?

கிராம சபையில் இதை எப்படிக் கேட்பது, என்ன கேட்பது என்று யோசனை சொல்லுங்கள். உணர்ச்சியாகப் பேசினால் எடுபடாது, காரணம் வேண்டும்.

இழுவலை எழுதியது:

தம்பி, நான் கண்மாய் குத்தகை எடுத்து மீன் விடுகிறவன். என் பக்கத்தையும் கேளுங்கள். கோரையும் வேலம்பாசியும் இருக்கிற இடத்தில் வலை இழுக்க முடியாது. அடிக்கயிறு பாசியில் சிக்கி மேலே தூக்கும், மீன் எல்லாம் கீழே நழுவிவிடும். முள் இருந்தால் வலையே கிழியும். ஏலத்தில் பணம் கட்டி, கட்லா ரோகு மிர்கால் குஞ்சு வாங்கி விட்டால், நீங்கள் சொல்கிற அந்த விரால்தான் முதலில் தின்னும். ஓரமெல்லாம் வெட்டிச் சுத்தமாக இருந்தால் எனக்கு மீன் எண்ணிக்கை கையில் நிற்கும். பாம்பு பயமும் இல்லை. நாட்டு மீன் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் அதை நம்பி யாரும் ஏலம் எடுப்பதில்லை.

ஆரல் எழுதியது:

இழுவலை அண்ணன் சொல்வதில் ஒரு உண்மை இருக்கிறது, அதை ஒதுக்கிவிட்டுப் பேசக்கூடாது. கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் கங்கைப் பக்கத்து ஆற்று மீன்கள். வெள்ளம் ஓடுகிற ஆற்றில்தான் இயற்கையாக முட்டையிடும், தேங்கிய கண்மாயில் இனப்பெருக்கம் செய்யாது. 1957இல் ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி ஊசி போட்டு முட்டையிட வைத்துக் காட்டிய பிறகுதான் இன்றைக்கு நாம் பார்க்கிற குஞ்சு உற்பத்திப் பண்ணைகளே சாத்தியமாயின. அதனால் இந்த மூன்றுக்கும் கண்மாய் ஓரம் பிரசவ அறையாகத் தேவையில்லை, அது பண்ணைத் தொட்டியில் முடிந்துவிடுகிறது.

ஆனால் அண்ணே, நீங்கள் விடுகிற குஞ்சு என்ன அளவு? கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற சின்னக் குஞ்சை மலிவு என்று வாங்கிக் கரையோரமாகக் கொட்டினால் விரால் மட்டுமில்லை, கெளுத்தியும் உளுவையும்கூடத் தின்னும். விரல் நீளத்துக்கு, அதாவது 80 முதல் 100 மில்லிமீட்டர் வரை வளர்த்து விடச் சொல்வது அதற்காகத்தான். அந்த அளவு வந்துவிட்டால் ஓர விரால் பெரும்பாலும் அதைத் தொட முடியாது. அந்த அளவுக்கு வளர்க்கக் கண்மாயிலேயே ஒரு மூலையில் வலைத் தடுப்புப் போட்டு இரண்டு மாதம் வைத்திருக்கிறவர்களும் உண்டு. அந்த மூலைக்கும் ஆழம் குறைந்த, இரை நிறைந்த தண்ணீர்தான் வேண்டும்.

விலையையும் பாருங்கள். சந்தையில் உயிர் விரால் விற்கிற விலைக்குப் பக்கத்தில் கட்லா வர முடியுமா? அந்த விராலுக்கு நீங்கள் குஞ்சும் வாங்கவில்லை, தீவனமும் போடவில்லை. உள்வாய்தான் வளர்த்துக் கொடுக்கிறது.

கோரைக்காடு எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். செடி இருந்தால் நல்லது என்பதற்காக மூடிக்கிடந்தால் இன்னும் நல்லது என்று ஆகாது. ஆகாயத்தாமரை தண்ணீரை முழுக்க மூடினால் கீழே வெளிச்சம் போகாது, பாசி உணவு உண்டாக்காது, அழுகுகிறது மட்டும் நடக்கும். விடிவதற்கு முன்னால் ஆக்சிஜன் அடிமட்டத்துக்குப் போய்விடும். வேரோடு வளர்கிற கொடி அடர்ந்து கிடந்தாலும் இரவில் அதுவும் மூச்சுவிடும், விடியற்காலையில் தட்டுப்பாடு வரும். விரால், குரவை, பனையேறி, தேளி எல்லாம் மேலே வந்து காற்றைக் குடிக்கும், அவை தப்பிக்கும். கெண்டைக் குஞ்சால் முடியாது. அதனால் கோரைத் திட்டு, நடுவில் வெறும் தண்ணீர், மறுபடி திட்டு என்று விட்டுவிட்டு இருக்கிற ஓரம்தான் சரியான ஓரம். ஆகாயத்தாமரையை எடுக்கத்தான் வேண்டும், அதில் சந்தேகமே இல்லை.

பனிஏரி எழுதியது:

நான் இருப்பது அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தில். காரணம் வேண்டும் என்று கேட்டீர்கள், இங்கே இதை ஒரு முழு ஏரியிலேயே செய்து பார்த்திருக்கிறார்கள்.

மாநிலத்தின் வடக்கே விலாஸ் கவுண்டியில் லிட்டில் ராக் ஏரி என்று ஒன்று. நடுவில் இடுப்பு ஒடுங்கி இரண்டு பகுதியாக இருக்கும். அமில மழை ஆய்வுக்காக 1980களிலேயே நடுவில் திரை போட்டுப் பிரித்திருந்தார்கள். 2002இல் ஒரு பகுதியின் ஓரத்தில் தண்ணீருக்குள் விழுந்து கிடந்த மரங்களில் 70 விழுக்காட்டுக்கு மேல் வெளியே எடுத்தார்கள், மறு பகுதியைத் தொடவில்லை. வேறு எதையும் மாற்றவில்லை. மீனைக் கூடப் பிடிக்கவில்லை, மருந்து போடவில்லை, கிளைகளை மட்டும் எடுத்தார்கள். மரம் எடுத்த பக்கத்தில் மஞ்சள் பெர்ச் என்கிற சின்ன மீன் ஏறக்குறைய இல்லாமல் போனது. அது முட்டையை ஒரே நீள நாடாவாக இட்டுக் கிளையில் சுற்றித் தொங்கவிடும், குஞ்சு ஒளிவதும் அந்தக் கிளைகளுக்குள்தான். கிளை போனதும் இரண்டும் போயின. சின்ன மீன் குறைந்ததும் அதைத் தின்கிற பெரிய பாஸ் மீன் தண்ணீரில் விழும் பூச்சிகளைத் தின்று காலம் தள்ளியது, வளர்ச்சி மந்தமானது. இழுவலை அண்ணன் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்: குஞ்சின் இடத்தை எடுத்தால் பெரிய மீனின் எடையும் குறைகிறது.

அந்தத் தொடாத பகுதிக்கு அப்புறம் நடந்ததும் முக்கியம். சில வருடம் தொடர்ந்து மழை குறைந்து ஏரி மட்டம் ஒரு மீட்டருக்கு மேல் இறங்கியது. ஓரத்து மரங்கள் அப்படியே இருந்தன, ஆனால் தண்ணீர் அவற்றை விட்டு விலகிப்போய் அவை தரையில் கிடந்தன. அங்கேயும் பெர்ச் சரிந்தது. யாரும் ஒரு குச்சியைக்கூட எடுக்கவில்லை. ஒளியும் இடம் இருந்தால் போதாது, அது தண்ணீருக்குள் இருக்க வேண்டும்.

இங்கே ஏரியோரம் வீடு கட்டுகிறவர்கள் படகு விடவும் குளிக்கவும் வசதியாக ஓரத்தைத் துடைத்துவிடுவார்கள். 1990களில் பல ஏரிகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது வீடுகள் நெருங்கிய கரையில் தண்ணீருக்குள் மரமே அரிதாக இருந்தது. இப்போது மாநில அரசே திரும்ப மரம் போடச் சொல்கிறது. குளிர்காலத்தில் உறைந்த ஏரி மேல் முழு மரங்களைக் கிளையோடு வைத்துக் கம்பியால் கரை மரத்தில் கட்டிவிடுவார்கள், பனி உருகியதும் அவை ஓரத்தில் இறங்கிவிடும். விழுந்த மரம் இந்தக் குளிர்ந்த ஏரிகளில் நூறு ஆண்டுக்கு மேலும் கிடக்கும். எடுப்பது ஒரு மதியம், திரும்ப வருவதற்குத் தலைமுறைகள்.

ஒரு எச்சரிக்கை. இங்குள்ள ஏரிகள் இயற்கையானவை, மட்டம் பெரும்பாலும் ஒரே இடத்தில் நிற்கும். உங்கள் கண்மாய் ஒவ்வொரு வருடமும் நிரம்பி வற்றும். அதனால் இங்கே செய்ததை அப்படியே பிரதி எடுக்க முடியாது. உங்கள் ஓரம் மாதத்துக்கு மாதம் இடம் மாறுகிறது.

கோரைக்காடு எழுதியது:

நீங்கள் கடைசியில் சொன்ன வாக்கியம்தான் சரிவு ஏன் முக்கியம் என்பதற்குப் பதில். தை மாதம் தண்ணீர் கோரை வரை நிற்கும், மாசியில் நூறடி உள்ளே இறங்கியிருக்கும், பங்குனியில் இன்னும் உள்ளே. தரை சாய்வாக இருக்கிற வரைக்கும் மட்டம் எங்கே இறங்கினாலும் அங்கே ஒரு முழங்கால் ஆழ ஓரம் இருக்கும். குஞ்சும் கூடவே இறங்கி வரும். சுவராக வெட்டிவிட்டால், முழுக்க நிரம்பியிருந்தாலும் ஓரம் கிடையாது, பாதி வற்றினாலும் ஓரம் கிடையாது. கண்மாயின் ஆழம் முழுக்கப் பெரிய மீனுக்கு, குஞ்சுக்கு ஒரு சாண் இடமில்லை.

இழுவலை அண்ணே, நீங்கள் சொல்கிற கஷ்டம் எனக்குத் தெரியும். கரையோரம், மடைப்பக்கம், நடுக்கண்மாய் எல்லாம் உங்கள் வலைக்குச் சுத்தமாகவே இருக்கட்டும். உள்வாய்ப் பக்கம் மட்டும் விடுங்கள் என்கிறேன். அங்கே நீங்களும் இழுவலை போடுவதில்லையே.

மாடிவீடு எழுதியது:

எங்கள் பக்கம் புறநகர் ஏரி. சுற்றிலும் குடியிருப்பு. ஓரத்தில் புல் விட்டால் கொசு என்று சண்டைக்கு வருவார்கள், அதனால்தான் எல்லாப் பக்கமும் கல் பதித்து நடைபாதை கேட்கிறோம். கொசுவுக்கு என்ன பதில்?

ஆரல் எழுதியது:

கொசுப்புழு இருக்கிற தண்ணீரில் மீன் குஞ்சு போக முடிந்தால் புழு மிஞ்சாது. கெண்டைக் குஞ்சு, ஓரத்தில் மேல்மட்டத்தில் திரிகிற முண்டக்கண்ணி மாதிரி சின்ன மீன்கள் எல்லாம் கொசுப்புழு தின்கிறவைதான். கொசு பெருகுவது மீன் போக முடியாத இடத்தில்: கல் பதித்த இடுக்கில் தேங்குகிற தண்ணீர், ஏரியிலிருந்து துண்டாகிப்போன குழி, மாட்டுக் குளம்புப் பள்ளம், தேங்காய் ஓடு, கழிவுநீர் கலந்து மீனே சாகிற மூலை. ஆகாயத்தாமரை இலைகளுக்கு நடுவிலும் நிறைய வரும், அங்கே மீனால் எட்ட முடியாது. அதனால் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது கழிவுநீரைத் திருப்புவது. சாக்கடை விழுகிற ஓரத்தில் நான் சொல்கிற எந்தக் குஞ்சும் பிழைக்காது.

கொசு ஒழிப்புக்கு என்று கம்பூசியா மீனைக் கொண்டுவந்து விடாதீர்கள், தயவுசெய்து. அது நாட்டு மீனின் முட்டையையும் குஞ்சையும் சேர்த்துத் தின்னும். தடை செய்யப்பட்ட ஆப்பிரிக்கக் கெளுத்தியும் அப்படித்தான், ஒரு தடவை ஓரத்துக்குள் புகுந்துவிட்டால் வெளியே எடுக்க வழியில்லை.

தூம்படி எழுதியது:

நான் பாசனத் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கோரிக்கையைப் படிக்கப்போகிறவர் என்னைப் போன்ற ஒருவர்தான்.

ஆழம் குறைந்த பரப்பு விரிந்து கிடந்தால் ஆவியாகிப் போகும் தண்ணீர் அதிகம். இது நிஜமான இழப்பு, சும்மா சொல்வதில்லை. அதனால்தான் பரப்பைக் குறைத்து ஆழத்தைக் கூட்டு என்று எழுதத் தோன்றும். ஆனால் உங்கள் வரைபடத்தில் நீங்கள் சொல்கிற மாதிரி இருந்தால் வேறு இரண்டு விஷயம் எனக்கு இடிக்கிறது.

முதலாவது, மடையின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் மடை வழியாக வயலுக்கு ஒரு சொட்டுக்கூட வராது. அது தேங்கி நிற்கிற தண்ணீர். இறைத்தால்தான் உண்டு. அதனால் கண்மாய் முழுக்க ஐந்தடி என்பதில் பாசனத்துக்கு எவ்வளவு லாபம் என்பதை மடை மட்டத்தை வைத்துத்தான் சொல்ல முடியும். அந்த மட்டம் வரைபடத்தில் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் முதலில் அதைக் கேளுங்கள்.

இரண்டாவது, எதிர்ப்பக்கம் கரை எழுப்பினால் வரத்து எப்படி உள்ளே வரும்? வாய்க்கால் ஒன்றுதான் வழி என்று நினைக்கிறார்கள். நல்ல மழையில் உள்வாய்ப் பக்கத்து மேட்டிலிருந்து பரவலாக வழிந்து வருகிற தண்ணீரும் கண்மாய்க்குச் சொந்தம். அந்தப் பக்கம் மண்ணைக் கொட்டுவது நீர்வரத்தை நாமே மறிப்பது. மீனை விடுங்கள், இது பாசனத்துக்கே கேடு.

கோரைக்காடு தம்பிக்கு ஒரு யோசனை. மீனுக்கு ஓரம் மட்டும் போதாது, கோடையில் ஒதுங்க ஆழமும் வேண்டும் அல்லவா? கரையின் அடிவாரத்திலிருந்து போதிய தூரம் தள்ளி, கரை பலவீனமாகாதபடி, மடை மட்டத்துக்குக் கீழே ஒரு பகுதியை ஆழமாக எடுக்கச் சொல்லுங்கள். எடுக்க வேண்டிய மண்ணின் அளவு அங்கேயே சரியாகிவிடும், ஒப்பந்தக்காரருக்கும் பிரச்சினை இல்லை. உள்வாய்ச் சரிவைத் தொட வேண்டாம். அலை அடிக்கிற கரைப்பக்கம் கல் பதிப்பு அவசியம், அதை எதிர்க்காதீர்கள். கல் கரைக்கு, புல் உள்வாய்க்கு என்று பிரித்துக் கேட்டால் யாரும் மறுக்கக் காரணம் இருக்காது. ஆவி இழப்பைக் கேட்டால் ஒப்புக்கொண்டு விடுங்கள், மழைக்காலத்து மூன்று மாதம் விரிகிற பரப்புத்தான் அது, கோடையில் தண்ணீர் எப்படியும் ஆழத்துக்கு வந்துவிடும் என்று சொல்லுங்கள்.

வன்னிக்குளம் எழுதியது:

வணக்கம். நான் இலங்கையில் வவுனியாப் பக்கம். இங்கே குளத்து மீன் என்றால் பெரும்பங்கு திலாப்பியாதான். 1952இல் கொண்டுவந்து விட்டது, இப்போது குளங்களில் தானாகவே பெருகுகிறது. நீங்கள் அங்கே ஜிலேபி என்று சொல்லி வெறுக்கிறீர்கள், நாட்டு மீனுக்கு அது செய்கிற கேடு எனக்கும் தெரியும். ஆனால் எங்கள் குளத்து மீனவர் குடும்பங்கள் சாப்பிடுவது அதை வைத்துத்தான், அதனால் அதன் ஓரக் கதையையும் கேளுங்கள்.

ஆண் மீன் ஆழம் குறைந்த மணல் தரையில் வாயால் மண்ணை அள்ளித் துப்பி வட்டக் குழி எடுக்கும். குளம் வற்றுகிற நேரம் ஓரத்தில் நடந்தால் தட்டுத் தட்டாகக் காய்ந்த குழிகள் வரிசையாகக் கிடக்கும், பக்கத்துக் குழிக்கும் இதற்கும் ஒரு முழம் இடைவெளிகூட இருக்காது. பெண் வந்து முட்டையிட்டு அதை வாய்க்குள் எடுத்துக்கொண்டு போய்விடும். குஞ்சை வாயிலிருந்து வெளியே விடுவதும் சூடான ஓரத் தண்ணீரில்தான். வயலுக்குத் தண்ணீர் திறந்து மட்டம் மளமளவென்று இறங்கினால் குழி எடுத்த உழைப்பெல்லாம் தரையில் போய்விடும், ஆண்கள் இன்னும் கீழே வந்து மறுபடி தொடங்க வேண்டும். அதனால் மட்டம் மெல்ல இறங்குகிறதா, சடாரென்று இறங்குகிறதா என்பதும் ஒரு விஷயம். சரிவு இருந்தால் மறுபடி தொடங்கவாவது தரை இருக்கும்.

இன்னொன்று. எங்கள் பக்கம் ஓரம் அழிவது தோண்டுவதால் மட்டுமில்லை. சின்னக்கண் வலையை ஓரமாக இழுத்துக் குஞ்சோடு அள்ளுகிற பெடியன்களாலும்தான். கருவாட்டுக்கு என்று சொல்லி அள்ளுவார்கள். அந்த ஒரு வலையில் வருவதைப் பார்த்தால் வயிறு எரியும், விரல் நகத்தளவு குஞ்சுதான் முழுக்க.

இழுவலை எழுதியது:

வன்னிக்குளம் அண்ணன் சொன்னது இங்கேயும் உண்டு. புதுத்தண்ணீர் வரும்போது வரத்து வாய்க்காலில் ஏறுகிற மீனைப் பரி என்கிற பொறிக்கூடை வைத்துப் பிடிப்பார்கள். சினை மீன் எல்லாம் அதில்தான். அது காலகாலமாக இருக்கிறது, வயிற்றுக்குப் பிடிக்கிறவனை நான் குறை சொல்லவில்லை. ஆனால் இப்போது வாய்க்காலை முழுக்கக் கொசுவலையால் அடைக்கிறார்கள். பார்ப்போடு திரிகிற விராலை வேண்டுமென்றே தேடித் தூண்டில் போடுகிறார்கள், தவளையைக் கட்டி அந்தத் திரளுக்கு நடுவில் விட்டால் அது உடனே கடிக்கும் என்று தெரியும். தாயைத் தூக்கிய பிறகு அந்தக் குஞ்சு அவ்வளவையும் கெளுத்தியும் கொக்கும் ஒரு நாளில் முடித்துவிடும். ஒரு மீனுக்கு ஒரு கூட்டமே போகிறது. இதை நானே சத்தம் போட்டு நிறுத்தியிருக்கிறேன்.

உள்வாயை விடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அங்கே வலை போவதில்லை என்று தம்பி சொன்னது சரிதான். ஆனால் ஒன்று கேட்கிறேன், உள்வாயில் சீமைக்கருவேல் மண்டிக் கிடக்கிறது. மீனுக்கு ஒளிய இடம் என்று அதையும் விட்டுவிடச் சொல்வீர்களா? அது இருந்தால் புல்லும் வராது, கோரையும் வராது.

ஆரல் எழுதியது:

விட வேண்டாம் அண்ணே. வேரோடு எடுக்க வேண்டும், இல்லையென்றால் துளிர்த்துவிடும். அதன் நிழலில் உள்வாய்ப் புல் சாவது நிஜம். ஆனால் வெட்டியதை எல்லாம் கரிமூட்டத்துக்கு ஏற்றி அனுப்புவதற்கு முன்னால் கொஞ்சம் கிளைகளை நிறுத்தி வையுங்கள். பண்ணைக்குட்டைகளில் திருட்டு வலைக்கு எதிராக முள் போடுகிறீர்கள் அல்லவா, அதே வேலைதான். கேரளத்தில் வேம்பநாட்டுக் காயலில் கிளைகளைக் குவித்துப் போட்டு மீனைக் கூடவைத்துப் பிடிப்பார்கள். நாம் பிடிப்பதற்கு இல்லாமல் குஞ்சு ஒளிவதற்குப் போடுகிறோம். கட்டாகக் கட்டி, ஓரத்தில் முழங்கால் ஆழத்தில் சிலவும், தண்ணீர் இறங்கிய பிறகு பயன்படும்படி இடுப்பளவு ஆழத்தில் சிலவும் போட வேண்டும். பனிஏரி சொன்ன ஏரியில் மட்டம் இறங்கியபோது நடந்தது நமக்கு நடக்கக்கூடாது என்றால் இரண்டு மட்டத்திலும் இருக்க வேண்டும். மாடு தண்ணீர் குடிக்க இறங்குகிற வழியிலும், பிள்ளைகள் குளிக்கிற படித்துறைப் பக்கமும் முள் போடாதீர்கள், அங்கே வேப்பங்கிளையோ புளியங்கிளையோ போதும்.

உள்வாயில் தண்ணீர் இறங்கியதும் பயிர் வைக்கிறவர்கள் இருந்தால் அவர்களிடமும் ஒரு வார்த்தை பேச வேண்டும். வைக்கட்டும். பூச்சி மருந்தை மட்டும் தண்ணீர் விளிம்பில் அடிக்க வேண்டாம். பெரிய மீன் தாங்குகிற அளவு குஞ்சு தாங்காது, குஞ்சு தின்கிற நீர்ப்பூச்சி அதற்கும் முன்னால் சாகும்.

கோரைக்காடு எழுதியது:

இத்தனை பேர் இவ்வளவு பொறுமையாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை, நன்றி. தூம்படி ஐயா, வரைபடத்தை மறுபடி பார்த்தேன். மடை அடிமட்டம் எங்கேயும் குறிக்கவில்லை. எதிர்ப்பக்கக் கரையில் வரத்து வாய்க்காலுக்கு மட்டும் ஒரு குழாய் போட்டிருக்கிறார்கள், மேட்டுத் தண்ணீருக்கு வழியே இல்லை.

மனுவில் இப்படி எழுதலாம் என்று இருக்கிறேன். எதிர்ப்பக்கக் கரையையும் நடைபாதையையும் கைவிட வேண்டும், நடைபாதை இருக்கிற பழைய கரை மேல் வரட்டும். மடை மட்டத்தைக் குறித்துவிட்டு, தோண்டுவதைக் கரையிலிருந்து தள்ளி மடைப்பக்கப் பாதியில் மட்டும் வைக்க வேண்டும். அந்தக் குழியிலிருந்து உள்வாய்க்கு ஏறுகிற பக்கம் சுவராக நிற்காமல் சாய்வாக இருக்க வேண்டும், இல்லையென்றால் தண்ணீர் இறங்கும்போது குஞ்சு மேட்டுத் தேக்கத்தில் மாட்டிக்கொள்ளும். சீமைக்கருவேலை வேரோடு எடுப்பது, கோரையைத் தொடாதது. வண்டல் எடுக்க அனுமதி வாங்குகிற விவசாயிகளும் அதே பாதியில்தான் எடுக்க வேண்டும், ஆளுக்கொரு இடத்தில் பொக்லைன் விட்டுக் குண்டும் குழியுமாக்கினால் நாம் எழுதிய எதற்கும் பொருள் இல்லை.

ஐயா, ஒரே ஒரு சந்தேகம். மனுவை வேலை தொடங்கும்போது கொடுத்தால் மாற்றுவார்களா?

தூம்படி எழுதியது:

மாற்ற மாட்டார்கள். மதிப்பீடு ஒப்புதலாகி ஒப்பந்தம் போய்விட்டால் அளவுப் புத்தகத்தில் இருக்கிற கன மீட்டர்தான் பேசும். அதற்கு முன்னால் கிராம சபைத் தீர்மானமாகப் போட்டு, தீர்மான நகலோடு மனுவைக் கொடுத்து, வாங்கியதற்கு ரசீது வாங்குங்கள். கூடவே வரைபட நகலில் சிவப்பு மையில் ஒரு கோடு போட்டு, இதற்கு மேற்கே தோண்ட வேண்டாம் என்று எழுதுங்கள், நாலு பக்கம் எழுதுவதைவிட அது சீக்கிரம் புரியும். உங்கள் கண்மாயில் உள்வாய் எந்தத் திசை என்று பார்த்துக்கொள்ளுங்கள், நான் மேற்கு என்று பழக்கத்தில் சொல்கிறேன். கோட்டை எங்கே போடுவது என்பதற்கு, தண்ணீர் முழுக்க நிற்கிற நாளில் ஒருவர் கம்போடு இறங்கி இடுப்பளவு ஆழம் வருகிற இடங்களில் மூங்கில் நட்டுவிட்டு வந்தால் போதும், தண்ணீர் வற்றிய பிறகு அளந்து வரைபடத்தில் ஏற்றிவிடலாம்.

இழுவலை எழுதியது:

இறங்கி மூங்கில் நடுகிற வேலையை என்னிடம் விடுங்கள் தம்பி. பரிசல் இருக்கிறது, தரை எங்கே எப்படி என்று தெரிந்த ஆட்களும் இருக்கிறார்கள். உங்கள் கண்மாய் எந்த வட்டாரம் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள், மார்கழி முடிவதற்குள் வருகிறோம்.